மூன்றெழுத்தின் கதை

மூன்றெழுத்து என்றதும் தோழர்களின் முகம் மலரும். எந்த மூன்றெழுத்து என்று நாம் சொல்லவும் வேண்டுமோ! ஆனால் இன்று நாம் எழுத வந்தது அந்த மூன்றெழுத்தைப் பற்றி அல்ல. வேறொரு மூன்றெழுத்து. நாள்தோறும் நம் கண்ணிலே படுகிறது, கருத்திலே படுவதில்லை. ஏட்டைப் பிரிக்கிறோம். தலைப்பைப் படிக்கிறோம். தலைப்பின் கீழே ஊர்ப்பெயர், நாள், அதை ஒட்டியோ செய்தியின் கடைசியிலோ சின்னஞ்சிறு எழுத்திலே 'பி.டி.ஐ.' என்று இருக்கிறதே, அந்த மூன்றெழுத்தைப் பற்றித்தான்.

அதை எழுதும்படி நம்மை வாட்டி எடுத்தவர் மண்ணூர்த் தோழர் ஒருவர். வயது இருபத்து மூன்று இருக்கும். சென்ற திங்கள், இரவு முறை முடித்த தோழர்கள் கம்பெனிப் பேருந்திலிருந்து இறங்கி வரும் நேரத்தில், படிப்பகத்துத் திண்ணையிலே நாம் உட்கார்ந்திருந்தோம். தேநீர் வந்தது. ஏடுகள் வந்தன. ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் கேட்க, வழக்கமான காட்சி. அப்போது அந்தப் பிள்ளை கேட்டார்:

"அண்ணே! ஜெர்மனியிலே ஒரு பாலம் இடிஞ்சு விழுந்தா, மறுநாள் விடியறதுக்குள்ளே நம்ம டீக்கடைக்கு வந்துடுது. இங்கிருந்து மூணு கிலோமீட்டர். பிரஸ் மிஷின்ல நம்ம கூட வேலை செஞ்சவனுக்கு நாலு விரல் போச்சு. எந்தப் பேப்பர்லயும் ஒரு வரி வரலையே, ஏண்ணே?"

எந்த ஆலை என்று நாம் இங்கே எழுதப் போவதில்லை. விரலை இழந்த பிள்ளைக்கு இன்னும் இழப்பீடு வந்து சேரவில்லை. பெயரை எழுதி அதையும் கெடுப்பானேன்! ஆனால் கேள்வி இருக்கிறதே, அது நம்மை விடவில்லை. மேடை ஏறினால் மூன்று மணி நேரம் மூச்சு விடாமல் பேசுகிறவர்கள் நாம். அந்தத் திண்ணையிலே மூன்று நிமிடம் பேச்சு வரவில்லை. "எழுதுகிறோம் தம்பி" என்றோம். எழுதுகிறோம்.

ஜெர்மனியின் பாலம் மண்ணூர்க்கு எப்படி வருகிறது? சென்னையில் இருக்கும் ஏட்டுக்கு அங்கே ஆள் இருக்கிறதா? இல்லை. டெல்லியிலே ஆள் இருக்கும். மிஞ்சினால் இன்னும் இரண்டு நகரத்தில் இருக்கும். உலகம் முழுவதும் ஆள் வைத்தால், ஏடு விற்ற காசு அவர்கள் காப்பிச் செலவுக்குக் காணாது. ஆகவே பொதுவாக ஒருவன் செய்தி சேகரிக்கிறான், பலருக்கும் விற்கிறான். அவனுக்குப் பெயர் செய்தி நிறுவனம். ஊர்ப் பொதுக்கிணறு போல என்று வைத்துக் கொள்ளுங்கள். கிணறு ஒன்று, குடங்கள் பல.

இங்கேதான் நம்முடைய பகுத்தறிவு குறுக்கே வந்து நிற்க வேண்டும். கிணறு யாருடையது? ஊருடையதா, ஒருவனுடையதா?

ஒருவனுடையது என்றால் என்ன நடக்கும் என்பதைக் கிணற்று விஷயத்திலே நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. எந்தத் தெரு எந்தப் படியிலே நிற்க வேண்டும் என்று நிறுத்தி வைத்த நாடு இது!

ஊருடையதாக இருக்க வழி உண்டா? உண்டு. கூட்டுறவு. அந்தச் சொல்லும் நமக்குப் புதிதல்ல. மண்ணூரிலிருந்து திருவள்ளூர் என்ன பெரிய தொலைவு? அந்தத் திருவள்ளூரை அடுத்த திரூரிலே, நாட்டிலே கூட்டுறவுச் சட்டம் பிறந்த அதே 1904ஆம் ஆண்டில், உழவர்களுக்குக் கடன் கொடுக்கும் சங்கம் பிறந்தது. அதே ஆண்டிலே சென்னை திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுப் பண்டகசாலை பிறந்தது. ஒருவன் கையிலே இருக்கிற பணம் உன் கழுத்தை நெரிக்கிறதென்றால், பத்துப் பேர் கை சேர்த்து அந்தக் கையை விலக்கு என்பதுதான் அதன் சுருக்கம். செய்தியிலும் வட்டிக்கடைக்காரன் உண்டு. அங்கேயும் கை சேர்த்தவர்கள் உண்டு.

குதிரையிலே வந்த கூட்டுறவு

ஆண்டு 1846. அமெரிக்கா மெக்சிகோவோடு போர் நடத்துகிறது. போர்முனைச் செய்தி நியூயார்க்குக்கு வரவேண்டும். தந்திக் கம்பி அப்போது தென்கோடி வரை போகவில்லை. பாதி வழி குதிரை, மீதி வழி வண்டி, பிறகு கம்பி. ஒவ்வோர் ஏடும் தனித்தனியாகக் குதிரை வைத்தால் குதிரைதான் கொழுக்கும், ஏடு இளைக்கும். நியூயார்க்கின் ஐந்து ஏடுகள் ஒன்று சேர்ந்தன. 'சன்' ஏட்டின் மோசஸ் பீச் முன்கை எடுத்தார். செலவைப் பங்கிட்டுக் கொண்டார்கள். செய்தியைப் பங்கிட்டுக் கொண்டார்கள்.

கொள்கையிலே ஒன்றானார்களா? இல்லை. ஒருவரை ஒருவர் தலையங்கத்திலே தாளித்துக் கொண்டுதான் இருந்தார்கள். குதிரையிலே ஒன்றானார்கள்! அதுதான் இன்றைக்கும் ஏ.பி. என்று உலகெங்கும் செய்தி தருகிற அசோசியேட்டட் பிரஸ்.

கூட்டுறவு என்ற பெயரைக் கேட்டவுடன் கும்பிட்டு விழுபவர்கள் அல்ல நாம். அதே ஏ.பி. பிற்காலத்தில் என்ன செய்தது? ஓர் ஊரிலே உறுப்பு ஏடு இருந்தால், அதே ஊரிலே போட்டியாக வரும் புதிய ஏடு உள்ளே நுழைய முடியாதபடி கதவடைக்க விதி செய்து வைத்திருந்தது. பொதுக்கிணற்றைச் சுற்றிப் பத்து வீட்டுக்காரர்கள் வேலி போட்டது போல! 1945இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இது செல்லாது என்று அந்த வேலியைப் பிடுங்கி எறிந்தது.

இது அமெரிக்கக் கதை. அதே நூற்றாண்டிலே ஐரோப்பாவில் மூன்று முதலாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். பாரிசிலே ஆவாஸ். பெர்லினிலே உல்ஃப். இலண்டனிலே ராய்ட்டர். இந்த ராய்ட்டர், தந்திக் கம்பி இல்லாத இடைவெளியிலே புறாவின் காலில் பங்குச் சந்தை விலையைக் கட்டி அனுப்பித் தொழில் தொடங்கியவர், கெட்டிக்காரர், அதை மறுக்கவில்லை. 1870இல் இந்த மூவரும் உலகப் படத்தை மேசைமேல் விரித்தார்கள். கறிக்கடைக்காரன் ஆட்டை வெட்டுவது போல வெட்டினார்கள். பிரெஞ்சுக் குடியேற்றங்கள் ஆவாசுக்கு. ஜெர்மனியும் அதன் சுற்றுப்புறமும் உல்ஃபுக்கு. பிரிட்டிஷ் பேரரசு ராய்ட்டருக்கு. ஒருவன் பகுதியில் மற்றவன் செய்தி விற்கக் கூடாது. நம்மைக் கேட்டா வெட்டினார்கள்? ஆட்டைக் கேட்டு எந்தக் கறிக்கடையில் வெட்டுகிறான்!

அதன் பொருள் என்ன தெரியுமா? சென்னையிலே இருப்பவன் ரங்கூனைப் பற்றித் தெரிந்து கொள்ள வேண்டுமானாலும் இலண்டன் கண்ணாலேதான் பார்க்க வேண்டும். தமிழன் தேயிலைத் தோட்டத்திலே அட்டை கடிபட்டுச் சாகிறான். செய்தியிலே வருவது தேயிலை விலை! ராய்ட்டர் 1866லேயே பம்பாயில் கடை விரித்துவிட்டார். செய்தி வாங்கிய பெரிய வாடிக்கையாளர் யார்? வெள்ளையர் அரசாங்கம்.

உள்நாட்டுச் செய்திக்கு ஒரு நிறுவனம் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது: அசோசியேட்டட் பிரஸ் ஆஃப் இந்தியா. உழைத்தவர் கேசவ சந்திர ராய் என்னும் வங்காளி. கூட இருந்தவர்கள் வெள்ளைக்காரப் பத்திரிகையாளர்கள். ஓட்டம் ராயுடையது, உரிமை அவர்களுடையது! சரிநிகர் இடம் கேட்டார், மறுத்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறித் தனி நிறுவனம் தொடங்கினார். ராய் இல்லாமல் செய்தி வரவில்லை. ஓடி வந்து அழைத்துக் கொண்டார்கள். வேலைநிறுத்தத்தின் வலிமை தெரிந்த தோழர்களுக்கு இதன் சுவை தெரியும். ஆனால் 1919 வாக்கில் அந்த நிறுவனமும் ராய்ட்டர் கைக்கே போய்ச் சேர்ந்தது.

எதிர்த்து நின்ற ஒருவரைச் சொல்லாமல் போனால் நாம் நேர்மையற்றவர்களாவோம். சுவாமிநாதன் சதானந்த். தமிழ்க் குடும்பத்துக்காரர், பம்பாயிலே வேலை. வெள்ளையன் கம்பியிலே வருகிற செய்தி வெள்ளையனுக்கு வாலாட்டும் செய்தி என்று சொல்லி, 1927இல் ஃப்ரீ பிரஸ் என்று தனிச் செய்தி நிறுவனம் தொடங்கினார். அவர் செய்தியை வாங்கி வெளியிட்ட ஏடுகளிடம் அரசு ஜாமீன் தொகை கேட்டது. கட்டினார்கள், பறிமுதல் செய்தது. மறுபடி கட்டு என்றது. ஏட்டுக்காரர்கள் மெல்ல நழுவினார்கள். பிறர் ஏடு போடாவிட்டால் நானே ஏடு போடுகிறேன் என்று 1930இல் ஃப்ரீ பிரஸ் ஜர்னல், பிறகு இங்கே 1934இல் 'தினமணி' என்று அவர் இறங்கினார். அந்த வேகத்திலே நிறுவனத்தின் கையிருப்பும் கரைந்தது. 1930களின் நடுவிலே செய்தி நிறுவனம் மூடப்பட்டது. சதானந்துக்கும் நமக்கும் கொள்கையிலே காத தூரம். ஆனாலும் என்ன? கம்பிக்குச் சொந்தக்காரன் யார் என்ற கேள்வியைக் கேட்டவர், கேட்டதற்காக இழந்தவர்.

கையெழுத்து போட்ட ஊர் சென்னை

வெள்ளையன் போனான். 1947 ஆகஸ்ட் 15. சரியாகப் பன்னிரண்டாம் நாள், ஆகஸ்ட் 27ஆம் தேதி, பிரஸ் டிரஸ்ட் ஆஃப் இந்தியா என்ற நிறுவனம் பதிவாயிற்று. எங்கே? டெல்லியிலா? பம்பாயிலா? சென்னையிலே! 'இந்து' ஆசிரியர் கஸ்தூரி சீனிவாசன், 'சுதேசமித்திரன்' ஆசிரியர் சி.ஆர். சீனிவாசன், 'சுவதந்திரா' ஆசிரியர் காசா சுப்பாராவ், 'மெயில்' ஏட்டின் ஹேல்ஸ், நாம் சொன்ன அதே சதானந்த்: இவர்களெல்லாம் தொடக்கப் பத்திரத்திலே கையெழுத்திட்டவர்கள். ஒரு தமிழ் நாளேட்டின் ஆசிரியர் கையெழுத்தும் அதிலே இருக்கிறது என்பதைக் குறித்துக் கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

1949 பிப்ரவரி முதல் நாள், ராய்ட்டர் கையிலிருந்த உள்நாட்டுக் கம்பி இவர்கள் கைக்கு வந்தது. வீடு கைக்கு வந்ததே தவிர, பழைய வீட்டுக்காரர் திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. ராய்ட்டரோடு பங்குக் கூட்டு இன்னும் நாலு ஆண்டு நீடித்தது. 1953இலேதான் அந்தக் கூட்டு முடிந்து, 'உன் செய்தியை விலை கொடுத்து வாங்கிக் கொள்கிறேன்; என் கணக்கிலே நீ கை வைக்காதே' என்ற நிலை வந்தது.

இதன் அமைப்பு எப்படி? ஏடு நடத்துகிறவர்களே பங்குதாரர்கள். பங்கு உண்டு, ஆதாயப் பங்கீடு கிடையாது. இலாபம் வந்தால் நிறுவனத்துக்கே திரும்பும். அதிகம் விற்கும் ஏட்டுக்கு அதிகச் சந்தா, குறைய விற்கும் ஏட்டுக்குக் குறைந்த சந்தா. தலைவர் நாற்காலி முறை வைத்துக் கை மாறும். கேட்கவே இனிக்கிறதல்லவா! இனிப்பிலே ஒரு கல்லும் இருக்கிறது. சட்டப்படி இது கூட்டுறவுச் சங்கம் அல்ல. கம்பெனிச் சட்டத்திலே பதிவான கம்பெனி. முறைதான் கூட்டுறவு. யாருடைய கூட்டுறவு? ஏட்டு முதலாளிகளின் கூட்டுறவு. செய்தியைச் சேகரிப்பவனுக்கும், சுமப்பவனுக்கும், கம்பியைக் காப்பவனுக்கும் அதிலே பங்கு இல்லை. 2018 செப்டம்பரில் அந்த நிறுவனம் 297 ஊழியர்களை ஒரே வீச்சிலே வீட்டுக்கு அனுப்பியது. எந்திரம் மாறிவிட்டது, உங்களுக்கு வேலை இல்லை என்று விளக்கம். அதே விளக்கத்தைத் தாம் எந்த வாசலிலே கேட்டோம் என்று தோழர்கள் நினைத்துப் பார்த்துக் கொள்வார்கள்.

போட்டிக்கு இரண்டாவது நிறுவனம் வேண்டும் என்று எட்டு ஏடுகள் கூடி உண்டாக்கியது யு.என்.ஐ. 1959இல் பதிவு, 1961 மார்ச்சில் தொழில் தொடக்கம். அதற்கு முன் இருந்த யுனைடெட் பிரஸ் 1958இலே நொடித்துப் போயிருந்தது. யு.என்.ஐ.யின் கதை என்ன ஆயிற்று? ஊழியர்களுக்குச் சம்பளம் மாதக்கணக்கிலே பாக்கி விழுந்தது, பாக்கி ஆண்டுக்கணக்காயிற்று, 2023இல் திவால் தீர்ப்பாயத்தின் படியேறியது. 2025இல் 'ஸ்டேட்ஸ்மன்' ஏட்டு நிறுவனம் அதை எடுத்துக்கொள்ளத் தீர்ப்பாயம் ஒப்புதல் தந்தது. பல கை சேர்ந்து கட்டியது ஒரு கைக்குப் போயிற்று.

இதிலே மொழிக் கதை ஒன்று உண்டு. அதைச் சொல்லாவிட்டால் நம் கை எழுதுகோலை விடாது.

டெலிபிரிண்டர் காலத்து இரவை நினைத்துப் பாருங்கள். தமிழ் ஏட்டு அலுவலகம். எந்திரம் கடகடவென்று ஆங்கிலத்தைக் கக்குகிறது. தாள் சுருள் சுருளாகத் தரையிலே விழுகிறது. துணையாசிரியர் கிழித்தெடுக்கிறார், கண் ஆங்கிலத்திலே, கை தமிழிலே. அச்சுக்கோப்பவர் பக்கத்திலே வந்து நின்று, "முடிந்ததா ஐயா?" என்கிறார். அந்த அரை மணியிலேதான் தமிழனுக்கு உலகம் மொழிபெயர்க்கப்பட்டது. கம்பியிலே வருகிற ஒரு சொல்லைக் 'கூட்டம்' என்றும் தமிழாக்கலாம், 'கும்பல்' என்றும் தமிழாக்கலாம். ஆலை வாசலில் நின்றவர்கள் கூட்டமா, கும்பலா? அந்தத் துணையாசிரியரின் பேனாவிலே இருந்தது நம் மானம்! அபேட்சகரை வேட்பாளராக்கி, அக்கிராசனரைத் தலைவராக்கிய தலைமுறை நம் முன்னோர். சொல்லின் விலை அவர்களுக்குத் தெரியும். இன்று எந்திரம் கணினியாகிவிட்டது. தரையிலே சுருள் விழுவதில்லை. ஆங்கிலத்திலே வருவதும், அதை அவசரமாகத் தமிழாக்குவதும் மாறிவிடவில்லை.

இந்திய மொழிகளுக்கு வழி செய்யவில்லையா என்றால், செய்தார்கள்; எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள். 1954இல் தேவநாகரி எழுத்திலே டெலிபிரிண்டர் வந்தது. இந்துஸ்தான் சமாச்சார் அதிலே செய்தி அனுப்பியது. யு.என்.ஐ. 1982இல் இந்திப் பிரிவு தொடங்கியது. பி.டி.ஐ. 1986இல் இந்திப் பிரிவு தொடங்கி அதற்குப் 'பாஷா' என்று பெயர் வைத்தது. 'பாஷா' என்றால் மொழி. மொழி என்றாலே இந்திதான் போலும்! தொடக்கப் பத்திரத்திலே கையெழுத்திட்ட சென்னைக்கும், சுதேசமித்திரன் எழுதிய தமிழுக்கும் அந்தப் பந்தியிலே இலை போட யாருக்கும் நினைவு வரவில்லை.

நெருக்கடி நாளின் கம்பி

இந்துஸ்தான் சமாச்சார் என்றோமே, அதுவும் கூட்டுறவுதான். 1948இல் ஆர்.எஸ்.எஸ். வழி வந்த ஆப்தே தொடங்கியது; 1957இல் கூட்டுறவுச் சங்கமாயிற்று. பெயரளவிலே பார்த்தால், கம்பெனியான பி.டி.ஐ.யை விட இதுதான் கலப்பில்லாத கூட்டுறவு. பெயரைப் பார்த்து மயங்காதீர் என்று நாம் சொன்னதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இப்போது 1976க்கு வாருங்கள். நெருக்கடி நிலை. நாலு நிறுவனங்கள் தனித்தனியே இருந்தால் நாலு வாய் இருக்கும்; ஒரு வாய் போதும் என்று நினைத்தார்கள் டெல்லி ஆளவந்தார்கள். பி.டி.ஐ., யு.என்.ஐ., இந்துஸ்தான் சமாச்சார், சமாச்சார் பாரதி நான்கையும் கலக்கிச் 'சமாச்சார்' என்று ஒன்றாக்கினார்கள். கத்தியைக் காட்டியா? கத்தி எதற்கு! வானொலி அரசாங்கத்தினுடையது, நிறுவனங்களுக்குப் பெருந்தொகை சந்தா கட்டும் வாடிக்கையாளர் அந்த வானொலி. கம்பித் தொடர்பும் அரசாங்கத் துறையினுடையது. பணப்பையும் கம்பியும் ஒரே கையிலே இருந்தால் கத்தி வேண்டியதில்லை. இயக்குநர் குழுக்கள் தலையாட்டின.

1976 ஜனவரி 31இல் தமிழ்நாட்டிலே கழக ஆட்சி கலைக்கப்பட்டது. நூற்றுக்கணக்கில் கைதானார்கள். யார் யாரைப் பிடித்தார்கள் என்று வீட்டாருக்கே தெரியாது. ஏட்டிலே எழுதத் தணிக்கை விடவில்லை. கம்பியிலே வரச் சமாச்சார் இல்லை. பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். அன்று 'முரசொலி'யிலே ஒரு பட்டியல் வந்தது: அண்ணா நினைவிடத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று, மாவட்டம் மாவட்டமாகப் பெயர்கள். தணிக்கை அதிகாரி படித்தார். வராதவர் பெயர்தானே என்று விட்டார். ஊரெல்லாம் படித்தது, சிறைக்குப் போனவர் பெயர் என்று புரிந்து கொண்டது. ஆயிரம் கல் நீளக் கம்பி வாய்மூடிக் கிடந்த நாளிலே, ஒரு நாலு பக்கத் தாள் வேலை செய்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் இதைச் சொல்லும்போது இப்போதும் அந்தப் பட்டியலை விரலால் தடவிக் காட்டுவது போலக் காற்றிலே தடவிக் காட்டுவார்கள்.

ஆட்சி மாறிற்று. 1977இல் குல்தீப் நய்யார் தலைமையில் குழு போட்டார்கள். இந்திய மொழிகளுக்கென்று ஒரு நிறுவனம், ஆங்கிலத்துக்கு ஒன்று என்று பிரிக்கலாம் என அது யோசனை சொன்னது. அரசு ஏற்கவில்லை. 1978 ஏப்ரலில் பழையபடி நாலாகப் பிரித்து அனுப்பினார்கள். உள்ளே வேர்விட்டிருக்கக் கூடிய அந்த யோசனையும் கோப்போடு போயிற்று.

கதை அதோடு முடிந்ததா? 2020 ஜூனில், எல்லையிலே சீனத்தோடு மோதல் நடந்த சூட்டிலே, பி.டி.ஐ. சீனத் தூதரைப் பேட்டி கண்டு வெளியிட்டது. நாட்டுக்கு ஆகாத வேலை என்று சீறியது பிரசார் பாரதி. சந்தாவை நிறுத்துவோம் என்று கடிதம் எழுதியது. அக்டோபரில் பி.டி.ஐ., யு.என்.ஐ. இரண்டின் சந்தாவையும் முடித்துக்கொண்டது. ஆண்டுக்குப் பல கோடி ரூபாய் வருமானம். 2023இல் அதே பிரசார் பாரதி இந்துஸ்தான் சமாச்சாரோடு ஒப்பந்தம் போட்டது. 1976இல் பணப்பை பேசிய மொழிதான். குரல் மட்டும் கொஞ்சம் மெல்ல! பி.டி.ஐ. விழுந்துவிடவில்லை. ஏன்? நூற்றுக்கணக்கான ஏடுகள் தாங்குகின்றன. ஒரே காலில் நிற்கிற பந்தலுக்கும் பல காலில் நிற்கிற பந்தலுக்கும் உள்ள வேறுபாடு அது. முதலாளிகளின் கூட்டுறவு என்று நாம் குத்திக் காட்டியதும் உண்மை. அரசு ஒரு காலைப் பிடுங்கியபோது அது நின்றதும் உண்மை. இரண்டையும் எழுதுகிறோம்.

தம்பி கேட்ட கேள்விக்கு வருவோம்.

2021 டிசம்பர். நம் பக்கத்துச் சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள், விடுதியிலே கெட்ட உணவு தின்று இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் நோயுற்றார்கள். 159 பேர் மருத்துவமனையிலே சேர்க்கப்பட்டார்கள். யார் எப்படி இருக்கிறார்கள் என்று சொல்ல நம்பிக்கையான வாய் இல்லை. சில பெண்கள் இறந்துவிட்டார்கள் என்று வாட்சாப்பிலே வதந்தி பறந்தது. இறக்கவில்லை, ஆனால் செய்தி வராத இடத்திலே வதந்திதான் வந்து உட்காரும்! பெண்கள் சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையிலே உட்கார்ந்தார்கள். அவர்கள் எப்படி உறங்கினார்கள், ஓர் அறையிலே எத்தனை பேர், கழிப்பறையிலே தண்ணீர் வந்ததா என்று அந்தப் பெண்களையே கேட்டு உலகுக்குச் சொன்ன நிறுவனங்களிலே ஒன்று எது தெரியுமா? ராய்ட்டர்! ஆம், அதே ராய்ட்டர். 1870இல் நம்மைக் கேட்காமல் வெட்டி எடுத்துப் போனவன், 2021இல் நம் பெண்களைக் கேட்டு எழுதினான். வரலாற்றுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு. ஆலை சில வாரம் மூடிக் கிடந்தது. ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பிலே வைப்பதாக அறிவித்தது. அமெரிக்காவிலே இருக்கும் வாங்குபவன் காதிலே விழுந்ததால் அறிவித்தது.

2024 செப்டம்பர் 9 முதல் சாம்சங் தோழர்கள் 37 நாள் பந்தலிலே உட்கார்ந்தார்கள். அதுவும் உலகமெல்லாம் போயிற்று. சங்கம் 2025 ஜனவரியில் பதிவாயிற்று.

அப்படியானால் நாலு விரல் ஏன் போகவில்லை? ஏனென்றால், தம்பி, அந்தச் செய்தியை வாங்க வாடிக்கையாளர் இல்லை. ஃபாக்ஸ்கான் என்றால் உலகப் பெயர். பெயர் செய்தியை இழுக்கும். துணை உதிரிபாக ஆலையிலே, ஒப்பந்தத் தொழிலாளியின் நாலு விரலுக்குப் பெயர் இல்லை. செய்தி நிறுவனத்தின் முழுநேர நிருபர் தலைநகரத்திலே இருப்பார். மாவட்டத்திலே இருப்பவர் பெரும்பாலும் பகுதிநேரக்காரர். செய்தி வெளியானால் காசு, வெளியாகாவிட்டால் பெட்ரோல் செலவு அவருடையது. அவர் ஆலை வாசலுக்கு வந்தால் காவலாளி கதவைத் திறக்கமாட்டார். காவல் நிலையத்திலே கேட்டால் புகார் இல்லை என்பார்கள். மருத்துவமனையிலே கேட்டால் வீட்டிலே நடந்தது என்று எழுதியிருக்கும். எழுதி அனுப்பினாலும், ஆலை விளம்பரம் தருகிற ஏடு அதை எந்த மூலையிலே போடும்? பாலம் இடிந்தால் விளம்பரதாரருக்கு வருத்தமில்லை. பாலம் உலகெங்கும் ஓடுகிறது.

அந்தப் பிள்ளை சும்மா இருக்கவில்லை. "அப்ப நாம என்னண்ணே செய்யலாம்?" என்றார். வீரவசனம் கேட்கவில்லை, வேலை கேட்டார்.

நாம் சொன்னது இவ்வளவுதான். நிருபருக்கு வேண்டியது ஆத்திரம் அல்ல, தகவல். எந்த நாள், எந்த முறை, எத்தனை மணி. எந்த எந்திரம், எத்தனை டன். கை நுழைந்தால் எந்திரம் நிற்கும்படி வைத்த காப்புக் கருவி வேலை செய்ததா, கழற்றி வைத்திருந்தார்களா? முதலில் எந்த மருத்துவமனை, எந்த வண்டியிலே கொண்டு போனார்கள்? ஈ.எஸ்.ஐ.க்கு விபத்து அறிக்கை போயிற்றா? ஆலையிலே இப்படி விபத்து நடந்தால் தொழிற்சாலை ஆய்வுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டுச் சட்டம் தொட்டே இருக்கிற கடமை, தெரிவித்தார்களா? ஆமென்றாலும் செய்தி, இல்லையென்றாலும் செய்தி. கண்ணால் பார்த்த இரண்டு பேர். காதால் கேட்டது வேண்டாம்; கோபத்திலே கூட்டிச் சொல்ல வேண்டாம். ஒரு விரலை இரண்டாக்கினால் மீதி மூன்று விரலும் பொய்யாகிவிடும். இதைப் பத்து ஆலையிலிருந்து பத்துத் தோழர்கள் எழுதினால், படிப்பகத்திலே வாரம் ஒரு முறை ஒன்று சேர்த்தால், அதன் படியை நாலு ஏட்டுக்கும் அந்தப் பகுதிநேர நிருபருக்கும் கொடுத்தால், நியூயார்க்கிலே ஐந்து ஏடுகள் குதிரை வாங்கியது போலத்தான் அதுவும். நமக்குக் குதிரை தேவையில்லை. பையிலே அலைபேசி இருக்கிறது.

"இதுக்குச் சந்தா உண்டாண்ணே?" என்றார் பக்கத்திலிருந்த ஒருவர், குறும்பாக. ஆளுக்கு மாதம் ஒரு தேநீர்க் காசு என்று தீர்மானமாயிற்று. கணக்கு எழுதுபவர் ஆண்டுக்கு ஒருவர்; அதுவும் தீர்மானமாயிற்று. வெல்டிங் பிரிவுத் தோழர் ஒருவர், கணக்கைச் சுவரிலே ஒட்ட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஒட்டுவதென்று முடிவாயிற்று. பெண் தொழிலாளர்கள் விடுதியிலிருந்து யார் எழுதுவது என்பது மட்டும் அன்று முடிவாகவில்லை. விடுதிக்குள் அலைபேசிக்கே கட்டுப்பாடு என்றார்கள். அடுத்த வாரம் பேசுவோம் என்று வைத்திருக்கிறோம்.

நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று கடையிலிருந்து வந்தது. அந்தப் பிள்ளை முதல் பக்கத்தைத் திறந்து, பேனாவை வைத்துக்கொண்டு நம்மைப் பார்த்தார்.

"தலைப்பிலே ஊர் என்னண்ணே போடறது? சென்னைன்னா, காஞ்சிபுரம்னா?"

"எங்கே நடந்தது?"

"இங்கேதான்."

"அப்படியானால் மண்ணூர் என்று போடு, தம்பி."

போட்டார். நாளைப் போட்டார். அதற்குள் பகல் முறைப் பேருந்து வந்து ஒலி எழுப்பியது. இருவர் தேநீரைப் பாதியிலே வைத்துவிட்டு ஓடினார்கள்.